கணக்கில் வராத நடை

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணு. சரிவான புல்வெளி, நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை, கல்வேலியைத் தாண்ட இரண்டு பலகைப் படி, பக்கத்தில் மஞ்சள் அம்புக்குறி அடித்த ஒரு கட்டை. 'எடேல்னு ஒரு கிராமம் தாத்தா. ஷெஃபீல்டுலேருந்து ரயில்ல அரை மணி. இது ஒரு ஆட்டுப் பண்ணைக்காரரோட நிலம். ஆனா யார் வேணும்னாலும் இதுல நடந்து போகலாம், சட்டமே அப்படி' என்று குரல்செய்தியில் சொன்னாய். இன்றைக்கு இருபத்திரண்டாயிரம் காலடி என்று போன் காட்டிய கணக்கையும் பெருமையாகச் சொன்னாய். கடைசியில், 'நம்ம பீடோர்ல இப்படி நடக்க என்ன தாத்தா இருக்கு?' என்று ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு எனக்குக் குரல்செய்தியில் பதில் சொல்ல வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. எழுபத்தெட்டு வயதில் நான் செய்ததெல்லாம் நடைதான். உன் பாட்டி என்னைவிட அதிகம் நடந்தவள். அவளுக்குப் பிரித்துக் கொடுத்த பால்மரம் ஐந்நூறு. மரத்துக்கு மரம் ஏழெட்டுக் காலடி. விடியுமுன் வெட்டிக்கொண்டே ஒரு சுற்று, மங்கு நிறைந்ததும் பால் எடுக்க இன்னொரு சுற்று. அதிலேயே எண்ணாயிரம் காலடி போய்விடும். லயத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கு ஒன்றரைக் கட்டை தூரம். பால் நிறுக்கும் இடத்துக்குக் காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு மைல். பகல் பதினோரு மணிக்குள் பதின்மூன்றாயிரம் ஆகியிருக்கும், அதுவும் கொசுக்கடியோடு, சரிவான நிலத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல். அங்கே கிராணி மெட்ரோலாக்கைப் பாலுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்தால் எத்தனை ராத்தல் ரப்பர் தேறும் என்று புத்தகத்தில் எழுதுவார். கூலி அதற்குத்தான். நடந்த நடைக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

உன் போன் சொல்கிற பத்தாயிரம் என்ற எண்கூட வைத்தியர் எழுதிக் கொடுத்தது இல்லையாம். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைமானி விற்றது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் காலடி மானி' என்றுதான் அர்த்தம். விற்பதற்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. உன் தம்பிதான் படித்துச் சொன்னான். அந்த வருசம் எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒருவர் இடுப்பிலும் மானி இல்லை. இருந்திருந்தால் பாவம், அதுதான் களைத்துப்போயிருக்கும்.

இதை எங்கள் பெருமையாகச் சொல்லவில்லை. இவ்வளவு நடந்தும் நான் ஒன்றையும் பார்த்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மரம் வெட்டுகிறவனுக்குக் கண் பட்டையில்தான் இருக்க வேண்டும். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் இறங்குகிற கோடு, அதே சாய்வில், முந்தைய வெட்டுக்கு அடியில் மயிரிழை கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், நமக்குத் தண்டலிடம் திட்டு. முப்பது வருசம் என் தலைக்கு மேலே ரயில் போகிற மாதிரி 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம் அவ்வப்போது போகும். பெரிய பறவை என்று தெரியும், அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது. வேலையை விட்டு நின்ற பிறகு, சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார்களே, அப்போதுதான் ஒருநாள் காலையில் நின்று பார்த்தேன். இருவாச்சி. இரண்டு. மூக்கின்மேல் சிவப்புக் கொம்பு வளைந்து நிற்க, மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அறுபது வயதில் ஒரு மனுசன் சடக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஹாரன் அடித்துவிட்டு ஏதோ சொன்னான், காதில் விழவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குப் பீடோர் என்றால் வாத்து மீ, கோழி பிஸ்கட், கொய்யா, பெத்தாய்க் கட்டு. வண்டியை நிறுத்தி, வாங்கிக்கொண்டு, கிளம்பிவிடுவார்கள். கிழக்கே திரும்பிப் பார்த்தால் தித்திவாங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. தாப்பா பக்கம் இருக்கும் குனோங் பத்து பூத்தே இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டியது. நீ நின்றுகொண்டிருந்த இடத்துக்கு மேலே உள்ள கிண்டர் ஸ்கௌட் 636 மீட்டர். ஆனால் அங்கே ஒவ்வொரு பாதைக்கும் வரைபடமும் அம்புக்குறியும் இருக்கின்றன. இங்கே மலை இருக்கிறது, பாதையும் இருக்கிறது, அம்புக்குறி மட்டும் மனுசர்களிடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் தலைமுறைக்குக் கேட்கவே பயம். அதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்த மறு வருசம், 1948 ஜூனில், சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது. 1960 ஜூலைக் கடைசி வரை அது போகவில்லை. என் பிள்ளைப் பருவம் முழுக்க முள்வேலிக்குள்தான். காலையில் வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருக்கிறவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று. அம்மா வெறும் வயிற்றோடு போய், வெறும் வயிற்றோடு திரும்புவாள். இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே தெரிகிற தலைக்கு விசாரணை கிடையாது, குண்டுதான் என்று பெரியவர்கள் எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள்.

வேலியை எடுத்தார்கள். ஆனால் எங்கள் காலில் அது கட்டியபடியே கிடந்தது. உன் அப்பாவை நான் எப்படி வளர்த்தேன் தெரியுமா? 'அந்தப் பாலத்துக்கு அப்பால போகாதே, ஆத்துக்கு அந்தப் பக்கம் போகாதே.' அவசரகாலம் முடிந்து பதினைந்து வருசம் கழித்துப் பிறந்தவனுக்கு! ஏன் போகக்கூடாது என்று அவன் கேட்டதும் இல்லை, நான் யோசித்ததும் இல்லை. அவன் ஈப்போவுக்குப் போய்க் காரில் ஏறினவன், இன்றைக்கு வரை இறங்கவில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. எந்தப் பயம் பாம்புக்கு, எந்தப் பயம் செத்துப்போன அதிகாரிக்கு என்று பிரித்துப் பார்க்காமல் பிள்ளைகளிடம் அப்படியே மூட்டையாகக் கொடுத்துவிட்டோம். நீயாவது மூட்டையைப் பிரித்துப் பார்.

இப்போது நம் மாரியம்மன் கோயில் கதை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, உனக்கு நினைவிருக்காது.

தோட்டம் கை மாறியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாகி எல்லாரும் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது. வருசத் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, பழைய லயத்து வழியாக, ஸ்டோரைச் சுற்றிக் கோயிலுக்கு வருவோம். ஒன்றே கால் மைல். என் அப்பா கரகத்துக்கு முன்னால் தீவட்டி பிடித்த வழி அது. ஒரு வருசம் போனால் இரும்புக் கேட்டு, பெரிய பூட்டு. நாங்கள் நாலு கிழவர்கள் ஆபீசுக்குப் போனோம். உட்கார்ந்திருந்தது நம் பிள்ளைதான், மரியாதை தெரிந்தவன். நாற்காலி போடச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். 'ஐயா, எழுத்துல ஏதாச்சும் இருக்குங்களா?' என்றான். 'அறுபது வருசமா நடந்த வழி தம்பி' என்றேன். 'நடந்தது சரிங்கய்யா. எழுத்துல?' என்றான் மறுபடியும். கோபமே இல்லாத குரல். அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் திருவிழாவுக்கு ஒரு நாள் மட்டும் திறப்பதாக ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வருசம் திறந்தார்கள். மூன்றாவது வருசம் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. தலையில் கரகத்தோடு பூசாரி பூட்டிய கேட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். அப்புறம் பெரிய சடக்கு வழியாகச் சுற்றிப் போனோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், உறுமிக்காரர் அவர்களுக்கு மேலே அடித்தார்.

இப்போது நீ சொன்ன சட்டத்துக்கு வா. உன் தம்பியை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னேன். இங்கிலாந்தில் 1980-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம். ஊர் ஜனங்கள் ஒரு வழியில், அனுமதி கேட்காமல், ஒளிந்து மறையாமல், அடிதடி செய்யாமல் இருபது வருசம் தடையில்லாமல் நடந்திருந்தால், அது பொது வழி என்று எடுத்துக்கொள்ளலாம். நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. அங்கே நடந்த நடையே எழுத்து! அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிற சில நிலக்காரர்கள் என்ன செய்வார்களாம் தெரியுமா? வருசத்தில் ஒரு நாள் மட்டும் கேட்டைப் பூட்டிவைப்பார்களாம், 'இது என் வழி, நான் விட்டதால் நீ போகிறாய்' என்று காட்ட. அதைக் கேட்டதும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை வைத்துவிட்டேன். அங்கே ஒரு நாள் பூட்டுகிறார்கள். எங்களுக்கு ஒரு நாள் திறந்தார்கள்.

இதே வெள்ளைக்காரன்தான் இங்கே தோட்டம் போட்டவன். பிரேசில் விதையை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, கன்றுகளைச் சிங்கப்பூர் வழியாக 1877-ல் நம் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குக் கொண்டுவந்தான். அப்புறம் நம்மைக் கொண்டுவந்தான். கேட்டைக் கொண்டுவந்தான், பூட்டைக் கொண்டுவந்தான். தன் ஊர் ஒற்றையடிப் பாதைச் சட்டத்தை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டான்.

ஆனால் அவன் ஊரிலும் அது சும்மா கிடைத்ததில்லை. நீ பார்த்த அந்தக் கிண்டர் மலை ஒரு காலத்தில் பிரபுக்கள் பறவை சுடுகிற இடம். காவல்காரர்கள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிப் பையன்கள் நானூறு பேர் போல, மலையின் அந்தப் பக்கம் ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து கும்பலாக ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு இருபது வயது. ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். கிராமத்து வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல் அந்த இடம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1965-ல் எடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை 268 மைல் நடைவழி திறந்தார்கள். எனக்குப் பிடித்தது கடைசியில் நடந்ததுதான். 2002-ல் அந்த நிலத்துக்கு உரியவராக இருந்த பிரபுவின் பேரன், தாத்தா செய்தது தப்பு என்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பேரன் பேத்திகளுக்கு இந்த வேலையும் இருக்கிறது, பார்த்துக்கொள்.

நடுவில் ஒன்று. போன மாதம் பாதை நடுவே மாடுகள் நின்றதால் திரும்பி வந்துவிட்டேன் என்றாயே. திரும்பியது சரி. வெட்கப்படாதே. ஆனால் தோட்டத்துப் பேத்தி இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனாயே! கன்றோடு நிற்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதே. ஓடாதே. ஓரமாகச் சுற்றிப் போ. சிநேகிதியோடு நாய் வந்தால், மாடு துரத்தும்போது நாயை விட்டுவிடு, அது பிழைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் மாடும் மாடுதான்.

மலைப் பக்கம் போக வேண்டும் என்றால் செமாய் ஜனங்களிடம் கேள். இந்த மலை முழுக்க அவர்கள் நடந்தது. அவர்களை எங்கள் காலத்தில் ஒரு மட்டமான பேரால் கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பேர் உன் காதில் விழுந்தால் வாயில் எடுக்காதே.

எனக்குப் பதினெட்டு வயது. பெத்தாய் காய்க்கிற பருவம். கட்டுக்கட்டாகப் பறித்துப் பசாரில் போட்டால் ஒரு வாரக் கூலி என்று மூன்று பேர் கிளம்பினோம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பங்கு கேட்பான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பனி இறங்கி, வந்த வழி மறைந்துவிட்டது. எங்களில் ஒருவன் கெட்டிக்காரன், 'ஆறு ஊருக்குத்தானே போகுது, ஓடையப் புடிச்சுக்கிட்டே இறங்கினா வீடு' என்றான். சரியாகத்தான் பட்டது. ஓடையைப் பிடித்து இறங்கினோம். முதலில் முழங்கால், பிறகு வழுக்குப் பாறை, பிறகு ஓடை ஒரு பாறை விளிம்பிலிருந்து நேராகக் கீழே விழுந்தது. இரண்டு பக்கமும் சுவர். மேலே ஏறலாம் என்றால் கால் நிற்கவில்லை. அன்றைக்கு இரவு முழுக்க ஒரு பாறை இடுக்கில் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தோம். அட்டை எத்தனை என்று எண்ணவில்லை. கெட்டிக்காரன் மட்டும் பேசவே இல்லை.

விடிந்ததும் மேலேயிருந்து ஒரு குரல். பாராங் கத்தியோடு ஒரு செமாய்ப் பெரியவர். முதல்நாள் நாங்கள் போட்ட கூச்சல் அவர்கள் ஊர் வரை கேட்டிருக்கிறது. சிரித்தார். ஓடையைக் காட்டி மலாயில், 'ஆயர் தாக் தாஹு ஜாலான்' என்றார். தண்ணிக்கு வழி தெரியாது. பிறகு எங்களை மேலே ஏற்றினார். கீழே போக வேண்டியவனை ஏன் மேலே ஏற்றுகிறார் என்று எனக்கு எரிச்சல். மலை முதுகை அடைந்ததும் புரிந்தது. அவர்கள் பாதையெல்லாம் முதுகின் மேலேயே போகிறது. அங்கே சேறு குறைவு, வெள்ளம் வராது, இரண்டு பக்கமும் தெரியும். பத்து இருபது அடிக்கு ஒரு இளஞ்செடியை முழங்கால் உயரத்தில் மடித்துவிட்டுக்கொண்டே நடந்தார். ஒடிக்கவில்லை, மடித்தார். திரும்பி வருகிறவனுக்கு அடையாளம். இரண்டு மணி நேரத்தில் எங்கள் தோட்டத்து எல்லை. காசு கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு உப்பும் புகையிலையும் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். அந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

இதே மலையில் ஜப்பான்காரன் காலத்தில் ஸ்பென்சர் சாப்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒளிந்திருந்தார். 1943 கடைசியில் பீடோருக்கு மேலே பிளாந்தான் என்ற இடத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு, வெள்ளைக்கார அதிகாரிகளும் கம்யூனிஸ்டுகளும் ஜப்பானியரை எதிர்த்து ஒன்றாக நிற்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஐந்தே வருசத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது வேறு கதை. சாப்மன் 1949-ல் எழுதிய புத்தகத்துக்கு, காடு யார் பக்கமும் சேராது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பாதிதான் சரி என்பேன். காடு சேராமல் இருக்கலாம், காட்டு ஜனங்கள் சேர்ந்தார்கள். சோறு போட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள் பேர்தான் தலைப்பில் வராது.

இன்னொரு ஆள், ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகம் முழுக்க விற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து மத்தியானத்துக்கு மேல் தனியாக நடக்கக் கிளம்பினார். போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி, மந்திரவாதிகூட, எல்லாரும் தேடினார்கள். இன்று வரை ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு இருபது வயது. மலைக்குப் போகிற சடக்கு தாப்பா வழிதான், வாரக்கணக்கில் ஜீப்புகள் போய்க்கொண்டேயிருந்தன. கடத்திவிட்டார்கள், ஒற்றன், புலி என்று டீக்கடையில் ஆளுக்கொரு கதை. என் கதை சின்னது: எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் தேடுகிறவர்களுக்கு ஒரு திசையாவது இருந்திருக்கும். நாங்கள் பெத்தாய்க்குப் போன கதையும் அதுதானே.

அருவிக்குப் போவாய், தெரியும். லாத்தா கிஞ்சாங்கை நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்து, 'ஒரு நாள் போகணும் தாத்தா' என்று எட்டு வயதில் சொன்னவள் நீ. அங்கே நீ பயப்பட வேண்டியது கெப்பாலா ஆயர், மலையிலிருந்து திடீரென்று இறங்குகிற வெள்ளம். உன் தலைக்கு மேலே வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டியிருக்கும். தெளிந்து ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கும். எதுவும் மிதக்காத இடத்தில் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சத்தம் தடிக்கும், அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி இருந்தது கல் உருளுகிற மாதிரி ஆகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பைக்கூட எடுக்காதே, கரையேறி மேட்டுக்குப் போ. இரண்டாவது அடையாளம் வரட்டும் என்று நின்றவர்களைத்தான் மறுநாள் தேடுகிறோம்.

மற்றதெல்லாம் சில்லறை விசயம். வனக் காப்பகத்துக்குள் போக வேண்டும் என்றால் காட்டிலாகாவில் பெர்மிட் எடுக்க வேண்டும், பெரிய மலைக்கு மலிம் குனோங் என்கிற வழிகாட்டி கூட வர வேண்டும். பெர்மிட் காசுக்கு முகம் சுளிக்காதே, வழி தவறினால் உன்னைத் தேட ஒரு ஏட்டில் உன் பேர் இருக்கும். வெள்ளென கிளம்பு. ஆனால் இங்கே ஏழு மணிக்கும் அரையிருட்டுத்தான். 1982-ல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், பால் வெட்டுகிறவன் மட்டும் சூரியனை நம்பியே போய்க்கொண்டிருந்தான். மத்தியானம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடு. இந்தப் பேராக்கில் இடி சொல்லிவிட்டு வராது. உச்சி இன்னும் அரை மணி தூரம் என்றாலும் மணி ஆகிவிட்டால் திரும்பு. நான் சொன்னேன் என்று சொல்.

சரி, உன் கேள்விக்குப் பதில். நீ கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இங்கிலாந்தில் ராம்ப்ளர்ஸ் என்று நடக்கிறவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறதாமே. அவர்கள் 2020-ல் பழைய வரைபடத்தையும் இப்போதைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடினார்களாம். விட்டுப்போன வழிகள் 49,000 மைலுக்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்துகொண்டே ஆயிரக்கணக்கான பேர் தேடினார்களாம். நான் யோசித்தேன். எங்கள் தோட்டத்துக்குப் பழைய வரைபடம் இருந்திருந்தால் அது துரை பங்களாவில் இருந்திருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எங்கே ஸ்டோர் என்று இருந்திருக்கும். உன் பாட்டி தண்ணீருக்குக் குறுக்கே போன வழி அதில் இருந்திருக்காது.

ஆகவே மளிகைக் கடைக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்திருக்கிறேன். பன்னிரண்டு தாளில் நாலு முடிந்தது. ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரைக்கும் கரகம் வந்த வழி, பூட்டிய கேட்டோடு. பெரட்டுக்களம் இருந்த இடம், இப்போது செம்பனை பன்னிரண்டாவது வரிசை என்று என் கண் அளவு. ஆயாக்கொட்டகை. முள்வேலிக் கேட்டு. பிள்ளைகள் பேய்மேடு என்று பயந்த மேடு, அதற்குப் பின்னால் சுடுகாட்டு வழி. உன் பாட்டி வெட்டிய ஐந்நூறு மரத்தின் மூலை நாலும். பெத்தாய்க் காட்டுக்கு ஏறுகிற மலைமுதுகு, அதற்குமேல் எனக்குத் தெரியாது, அந்தத் தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே செமாய்ப் பெரியவரின் பேரன் ஒருவன் பெத்தாய் விற்கச் சடக்கோரம் வருகிறான். அவனிடம் பேசியாகிவிட்டது. நீ வந்தால் கூட்டிப்போவான், ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும், உப்பும் புகையிலையும் கொடுக்கிற காலம் அல்ல இது. வழியில் மூன்று இடத்தில் சிவப்புப் பேனாவில் 'கேட்டுக்கொண்டு போ' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு சின்னத் தோட்டக்காரர்கள், ஒரு துரியான்காரர். துரியான்காரரிடம் பருவத்தில் போகாதே, திருட வந்தாய் என்று நினைப்பார்.

உன் தம்பி இதையெல்லாம் போனில் படமெடுத்து எதிலோ ஏற்றுகிறேன் என்கிறான். ஏற்றட்டும். ஆனால் அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் என்னோடு நடந்து, நான் போட்ட கோடு சரியா என்று பார்க்க வேண்டும். கோயில் வரைக்கும் என் முழங்கால் தாங்கும். கேட்டுப் பக்கத்தில் உட்கார ஒரு கல் இருக்கிறது.

டிசம்பரில் வருகிறேன் என்றாய். மழைக் காலம், பாதை வழுக்கும். நீ அங்கே வாங்கிய நானூறு ரிங்கிட் பூட்ஸைத் தூக்கி வராதே, இந்த ஈரத்துக்கு அது ஊறி ஈயமாகிவிடும். இங்கே கம்போங் அடிடாஸ் இருக்கிறது, அடியில் முள் வைத்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. பால் வெட்டுக்கு நாங்கள் போட்டது, இப்போது மலை ஓடுகிற பையன்களெல்லாம் அதைத்தான் போடுகிறார்கள். பசாரில் நமக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, அளவு தீர்வதற்குள் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். உன் கால் ஐந்தா ஆறா? போன் பண்ணிச் சொல்.